கஞ்சி நடந்து வராது

ஒச்சாண்டி தன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் பெண்கள் வார்டில் பேச்சு நின்றுவிடும். ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து, கால் கதவு நிலையில் இடித்துவிடாமல் பக்கவாட்டில் திரும்பி, கக்கூஸ் வாசல் வரைக்கும் "வலிக்குதா இருளம்மா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே போவான். பார்க்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்படி ஒரு புருசன் கிடைக்க இருளம்மாள் என்ன புண்ணியம் செய்தாளோ என்பார்கள். வார்டு ஆயா வியாகுலமேரிக்கு மட்டும் அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

பொறாமை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அது முப்பத்தாறாம் வருசம். கம்பம் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். வியாகுலமேரி ராயப்பன்பட்டிக்காரி, நாற்பத்தெட்டு வயது, ஆயாவாக வந்து ஒன்பது வருசம். பீத்துணி அலசுவது, விரிப்பு மாற்றுவது, கஞ்சி ஊற்றுவது எல்லாம் அவள் வேலை. எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருத்தி எத்தனை நாளாக ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறாள் என்பதை விரிப்பின் சுருக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். புண் வைக்கப் போகும் முதுகு எது என்பது டாக்டரம்மாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

அவளோடு வார்டே சண்டை போட்டது, தினமும். டாக்டரம்மா இன்னாரை எழுப்பி நடக்க விடு என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்தக் கட்டிலுக்குத் தண்ணீர்ச் செம்பு வராது. நாலு கட்டில் தள்ளிச் சன்னலில் இருக்கும். சீப்பு வராந்தாவில் இருக்கும். கஞ்சிப் பானையோ வராந்தாவின் கடைசியில், கல் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும். "கஞ்சி நடந்து வராது ஆத்தா. ஒனக்குத்தான் காலு இருக்கு" என்பாள். இரக்கமில்லாத பொம்பளை, புருசனை முழுங்கிவிட்டு இங்கே வந்து நம் உயிரை எடுக்கிறாள் என்று படுத்தபடியே பேசுவார்கள். அவள் காதில் விழும். விழட்டும் என்றுதான் பேசுவார்கள்.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் நோயாளி எழுந்து நடந்தால் கேவலம் நோயாளிக்கு இல்லை, சொந்தக்காரர்களுக்கு. மலைமேல் ஏலத்தோட்டத்தில் விழுந்தவனைத் தூளி கட்டி இறக்கினால், எத்தனை பேர் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள் என்பதுதான் ஊரில் பேச்சாக இருக்கும். தூக்க ஆளிருக்கிறவள் தூக்கப்படுவாள். நடக்கிறவள் நாதியில்லாதவள். நேற்றுவரை சம்மணம் போட்டு உட்கார்ந்து தலை சீவியவள்கூட, சம்பந்தி வீட்டு ஆட்கள் கேட்டில் நுழைவதைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகுவாள். வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, பாவம் கண்ணைத் திறக்கக்கூட முடியவில்லை என்று நிறைந்த மனசோடு போவார்கள்.

இருளம்மாளுக்கு எதிர்க் கட்டிலில் மூக்கம்மாள் என்று ஒரு விதவை இருந்தாள். வயிற்றில் கட்டி. தேவதானப்பட்டியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து, தனியாகவே ஆப்பரேசனுக்குப் படுத்தவள். தூக்குவதற்கு ஒருவருமில்லை. அதனால் டாக்டரம்மா சொன்ன நாளில் வியாகுலமேரியின் கையைப் பிடித்து எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே கஞ்சிப் பானை வரைக்கும் போய்விட்டாள். வார்டே அவளுக்காக உச்சுக்கொட்டியது. மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போக மூட்டை கட்டியவளும் அவள்தான். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் இன்னும் மல்லாந்து படுத்திருந்தார்கள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இருளம்மாள் வந்தது சித்திரையில். சின்னமனூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். புருசனும் பெண்டாட்டியும் மட்டும்தான், பிள்ளையில்லை. வீரபாண்டித் திருவிழா பார்த்துவிட்டு விடியப்போகிற நேரம் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒச்சாண்டி கண்ணசந்துவிட்டான். சக்கரம் வாய்க்கால் கரையில் ஏறிச் சரிந்தது. அவன் துள்ளி விழுந்து தப்பித்தான். வண்டிச் சட்டம் இருளம்மாளின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. அந்த வண்டியிலேயே அவளைக் கொண்டுவந்து சேர்த்தவன், அதற்குப் பிறகு வீட்டுப் பக்கமே போகவில்லை. ராத்திரி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் படுப்பான். பகலெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பான். சோறு ஊட்டுவான், தலை சீவிவிடுவான், அவள் சேலையைக் கிணற்றடியில் துவைப்பான். ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தான்.

ஒன்பது வாரம் கழித்துக் காலில் போட்டிருந்த மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் முருங்கைக்காய் மாதிரி வற்றி, கணுக்கால் இறுகிப் போயிருந்தது. டாக்டரம்மா கோட்டயத்துப் பக்கத்துக்காரர், பேச்சில் மலையாளம் கலந்து வரும். அவர் எலும்பைத் தடவித் தடவிப் பார்த்தார். "இனி நடக்கணும், கேட்டோ. நடந்தா கால் உங்களுக்கு. இல்லாட்டி கட்டிலுக்கு" என்றார்.

இருளம்மாள் ஒரே ஒரு தடவை காலைத் தரையில் வைத்தாள். வைத்ததும் முகம் வெளுத்துக் கத்தினாள். ஒச்சாண்டி ஓடி வந்து அள்ளித் தூக்கிக் கட்டிலில் போட்டான். அதோடு சரி. பத்து நாள் போனது. தினமும் தூக்கல், தினமும் வார்டின் கண்ணீர். ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா ஒச்சாண்டியைக் கூப்பிட்டு, கணுக்கால் இப்படியே இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் பிறகு யாராலும் அசைக்க முடியாது என்று சொன்னார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு, வருகிற திங்கட்கிழமை வண்டி கட்டி வந்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். வீட்டில் வைத்து அவளை ராணி மாதிரிப் பார்த்துக்கொள்வானாம். கட்டிலுக்குப் புதுக் கயிறு கட்டச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டானாம்.

புதுக் கயிறு என்றதும் வியாகுலமேரியின் கையிலிருந்த துணி வாளி தரையில் டொக்கென்று உட்கார்ந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்துப் போனவளை மறுபடி எழுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, ஒச்சாண்டி கிணற்றுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் இருளம்மாளின் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆயாக்கள் கட்டிலில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தாள்.

"வலிக்குப் பயந்தா படுத்திருக்க?" என்று கேட்டாள். "ஒன்னப் பாத்தா அப்பிடித் தெரியல. மாக்கட்டு வெட்டுறப்ப பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தவ நீயி."

இருளம்மாள் வாசலைப் பார்த்தாள். புருசன் வரவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யக்கா, அந்த மனுசன் மொகத்தப் பாத்தீகளா? வண்டியக் கவுத்தது நாந்தான் நாந்தான்னு ரெண்டு மாசமா சோறு எறங்காமத் திரியுது. என்னத் தூக்குறப்ப மட்டுந்தான் அது மொகத்துல உசுரு இருக்கு. நான் எந்திரிச்சு நடந்துட்டேன்னா அது என்ன செய்யும்? போக எடமில்லாமப் போயிருமே."

இவள் சோம்பேறி, புருசன் செல்லத்தில் ஊறிக் கிடக்கிறாள் என்றுதான் வியாகுலமேரி நினைத்திருந்தாள். விசயம் அதுவல்ல. அவன் மனசு ஆறட்டும் என்று இவள் காலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இவள் கால் ஆறட்டும் என்று அவன் சுமந்துகொண்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்டு மொத்தமாகக் கெட்டுப்போகப் போகிறார்கள். எழுப்ப வேண்டிய ஆள் கட்டிலில் இல்லை, கிணற்றடியில் இருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

புதன்கிழமை சாயங்காலம் கிணற்றடிக்குப் போனாள். ஒச்சாண்டி துவைகல்லில் சேலையை அடித்துக்கொண்டிருந்தான்.

"சேலைய வையிப்பா. ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

ஒன்பது வருசத்தில் ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் சொல்லாததை அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்து சொன்னாள். அவள் புருசன் மிக்கேல் ஏலத்தோட்டத்து மூட்டை சுமக்கிறவர். மலைப்பாதையில் வழுக்கி இடுப்பில் அடி. வைத்தியர் வந்து கட்டுப் போட்டு, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அவள் அசையவிடவில்லை. சோறு ஊட்டினாள். துடைத்துவிட்டாள். ஒன்றுக்கு இரண்டுக்கு எல்லாம் படுக்கையிலேயே அள்ளினாள். மூன்றாம் மாசம் ஒரு நாள் அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மிக்கேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அழுதுகொண்டே அவரைத் திட்டி, தூக்கிப் படுக்க வைத்தாள். அப்படி மூன்று தடவை நடந்தது. நாலாம் தடவை அவர் முயற்சி பண்ணவில்லை. முதுகு புண்ணானது, நெஞ்சில் சளி கட்டி உயிர் போய்விட்டது.

"பதினோரு மாசம்" என்றாள். "ஊரே மெச்சுச்சு. புருசனப் பாத்துக்கிட்டா இவள மாதிரிப் பாத்துக்கணும்னு சாமியார் பிரசங்கத்துல சொன்னாக. நானும் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன், பெருமையா. இங்கன வேலைக்கு வந்த மறு வருசம் அதே எடத்துல, அதே மாதிரி விழுந்தவன் ஒருத்தனத் தூளியில கொண்டாந்தாக. மூணு மாசத்துல அந்தக் கேட்டு வழியா கம்ப ஊண்டி நடந்து போனான். நான் துணி அலசிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்குத்தாம்ப்பா எனக்குத் தெரிஞ்சது. அவரு எந்திரிக்கத்தான் பாத்தாரு. நாந்தான் அமுக்கிப் போட்டேன்."

ஒச்சாண்டி சேலையைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான்.

"எம் பெண்டாட்டி ஒங்க புருசன் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அதோடு முடிந்தது என்று வியாகுலமேரி நினைத்தாள். தன் புண்ணைக் கீறிக் காட்டியதுதான் மிச்சம் என்று ராத்திரி வேலை முடித்துப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் ஒச்சாண்டி இல்லை. நாற்றங்காலைப் பார்க்கப் போகிறேன், திங்கட்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று கேட்டில் இருந்த காவல்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை இல்லை. இருளம்மாள் வெகுநேரம் வாசலைப் பார்த்தாள். பொழுது ஏறியது. கக்கூசுக்குப் போக வேண்டும். வியாகுலமேரி பக்கத்தில் வந்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"அவுகள என்ன சொல்லி வெரட்டுனீக?"

"நான் வெரட்டல. நாத்தங்காலப் பாக்கப் போயிருக்காராம். தட்டு எடுத்தாரவா?"

படுக்கையில் வைக்கிற தட்டு. மாக்கட்டு போட்டிருந்த ஒன்பது வாரமும் அந்தத் தட்டு இல்லாமல் தூக்கிக்கொண்டு போய்வந்தவன் ஒச்சாண்டி. அதனால்தான் அவன் அவளுக்குச் சாமி மாதிரி.

"அதக் கொண்டாந்தீகன்னா நான் செத்துருவேன்."

"அப்ப எந்திரி."

எழுந்தாள். அதாவது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தரையில் வைத்தாள். வியாகுலமேரி தோளைக் கொடுத்தாள். முன்னால் ஓர் அடி வைக்க வேண்டும். இருளம்மாள் குனிந்து அந்தக் காலையே பார்த்தாள். யாரோ ஊர்பேர் தெரியாதவர் காலைக் கொண்டுவந்து தன் முழங்காலுக்குக் கீழே ஒட்டிவைத்த மாதிரி பார்த்தாள். பார்க்கப் பார்க்க நடுக்கம் கூடியது. உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

அழுகையை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கம் வயல். பெரியாற்றுத் தண்ணீர் வந்து, நடவு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்வாங்கினார்கள். இருளம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"அந்த மூணாவது பொம்பளைக்கு யாரு நடவு சொல்லிக் குடுத்தது? கோணலாப் போறா."

அப்போதுதான் வியாகுலமேரிக்கு ஞாபகம் வந்தது. ஊரில் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவளே இருளம்மாள்தான் என்று ஒச்சாண்டி எப்போதோ பெருமையாகச் சொல்லியிருந்தான். வரிசையில் முதல் ஆள் அவள், மற்றவர்கள் அவளைப் பார்த்துத்தான் நடுவார்களாம்.

"நடுறப்ப எந்தப் பக்கமாப் போவ?" என்று கேட்டாள்.

"பின்னாலதான். இதென்ன கேள்வி?"

"காலப் பாப்பியா?"

"காலு சேத்துக்குள்ள கெடக்கு, அத என்னத்தப் பாக்க? நாத்தத்தான் பாக்கணும்."

வியாகுலமேரி அவள் பக்கத்திலிருந்து எழுந்து, எதிரில் வந்து நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். "அப்ப என் கையப் பாரு. நாத்துன்னு நெனச்சுக்க. பின்னால போ."

இருளம்மாள் அவளைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஆனால் அவசரம் அவசரம்தான். கையைப் பிடித்து எழுந்தாள். இடுப்பைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள். அது தானாக வந்த குனிவு, முப்பது வருசத்துக் குனிவு. நல்ல காலைப் பின்னால் வைத்தாள். பிறகு கெட்ட கால். அதற்கு நிமிர்ந்து நிற்க பலம் போதவில்லை. ஆனால் சேற்றுக்குள் பின்வாங்கத் தெரிந்திருந்தது, குதிகாலைத் தேடித் தேடி வைக்கத் தெரிந்திருந்தது. ஓர் அடி. அப்புறம் ஓர் அடி. கண் வியாகுலமேரியின் கையிலேயே இருந்தது. ஒரு கட்டில் தாண்டியது. இரண்டாவது கட்டில் தாண்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கத்தவில்லை.

மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாள் இதைப் பார்த்தாள். ஒரு பெண் குனிந்து பின்வாங்கிப் போகிறாள் என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுவிட்டாள். நடவு வயலில் போடுகிற குலவை, ஆஸ்பத்திரி வார்டுக்குள். அடுத்த கட்டில்காரி சேர்ந்துகொண்டாள். சன்னல் வழியாகச் சத்தம் கேட்ட நடவுக்காரிகள், எதற்கென்று தெரியாமலே பதில் குலவை போட்டார்கள். கன்னியாஸ்திரி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே டாக்டரம்மா வந்தார். பார்த்தவர் கன்னியாஸ்திரியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் படிச்ச புஸ்தகத்துல இது இல்ல, கேட்டோ" என்றார். "ஆனா நிறுத்த வேண்டா."

கக்கூஸ் வாசலை முதுகால் தொட்டபோது இருளம்மாளின் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

வியாழன் சாயங்காலம் மூன்று தடவை. வெள்ளிக்கிழமை வராந்தா முழுக்க, பின்னாலேயே. மற்ற கட்டில்காரிகளுக்கு அதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. கோணலாகப் போனால் "ஏத்தா, வரிசை, வரிசை" என்று கத்துவார்கள். சனிக்கிழமை கால் வீங்கிவிட்டது. டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, வெந்நீர் ஒத்தடம் போட்டு அரை நாள் கிடக்கட்டும், பிறகு எழுப்பு என்றார். அந்த அரை நாள் வியாகுலமேரிக்குத்தான் போகமாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்து, கஞ்சிப் பானையைக் கல் பெஞ்சில் வைத்தாள். பின்னால் வந்தால் பானை கண்ணுக்குத் தெரியாது. முன்னால் வந்தால்தான் தெரியும். இருளம்மாளின் கையில் ஒரு கம்பைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பானைப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இருளம்மாள் வந்தாள். வந்து சேர்வதற்குள் கஞ்சி ஆடை கட்டிவிட்டது.

"ஒங்க வாயில மண்ணு விழ" என்று சொல்லிக்கொண்டே குடித்தாள்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்து, தலைக்கு ஒரு திண்டும் வைத்துக் கொண்டுவந்திருந்தான் ஒச்சாண்டி. கேட்டுக்கு உள்ளே வண்டியைக் கொண்டுவரப் பார்த்தான். வியாகுலமேரி காவல்காரரிடம் சொல்லிக் கேட்டைச் சாத்தச் செய்திருந்தாள். வண்டி ரோட்டிலேயே நின்றது.

இருளம்மாள் படியிறங்கினாள். கம்பு முதலில், கெட்ட கால் பிறகு, நல்ல கால் கடைசியில். படியிலிருந்து கேட்டுக்கு ஐம்பதடி இருக்கும். அழகான நடையொன்றும் இல்லை. கணுக்கால் மடங்காமல் பாதம் தரையைத் தேய்த்தது. பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். முகத்தில் வேர்வை வழிந்தது. ஒச்சாண்டி ஓர் அடி முன்னால் வைத்தான். பிறகு திரும்பி, நுகத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாட்டின் கழுத்தைப் பார்த்து நின்றான். மாடு அவனை முகர்ந்தது. அவன் தோள் குலுங்கியதை வியாகுலமேரி மட்டும் கவனித்தாள்.

கேட்டுக்கு வந்ததும் இருளம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஏத்துறதுக்கு மட்டும் தூக்கிக்க" என்றாள் வியாகுலமேரி. "எறங்குறது அவ பாடு."

அவன் தூக்கி ஏற்றினான். வியாகுலமேரியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விட்டான். வண்டி போன பிறகுதான் அவளுக்கு அந்தப் புதுக் கயிற்றுக் கட்டில் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி என்றால் தன் கண் இருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஊர் வந்து பார்க்கும். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். ஒரு நாள் கால் வலித்தால் போதும், அவன் மனசு இளகிவிடும், இவள் படுத்துவிடுவாள்.

அதற்குப் பிறகு சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் விசாரித்தாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. வார்டில் இருளம்மாள் கிடந்த கட்டிலில் ஜக்கம்மா என்று ஒருத்தி வந்து, முனகி, திட்டி, நடந்து, போயும்விட்டாள்.

ஐப்பசியில் கல்லறைத் திருநாள் வந்தது. வியாகுலமேரி லீவு சொல்லிவிட்டு ராயப்பன்பட்டிக்குப் போனாள். வருசா வருசம் போவாள். மற்றக் குடும்பங்கள் கூட்டமாக வந்து புல் செதுக்கி, பூ வைத்து, அழுது, செபம் சொல்லும். அவள் தனியாக ஓர் ஓரத்தில் புல்லைப் பிடுங்கி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். மிக்கேலிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கல்லறைகளுக்கு நடுவே இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் கம்பு ஊன்றி இருளம்மாள். நாலடி பின்னால் ஒச்சாண்டி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அந்தக் கையை அப்படி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தான் போல. நடை இன்னும் நொண்டல்தான். ஆனால் மேடு பள்ளம் பார்த்துக் காலை வைத்தாள். காலைப் பார்க்கவில்லை, வழியைப் பார்த்தாள்.

வியாகுலமேரியின் கை பழக்கத்தில் நீண்டது. நீட்டியதை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். இன்றைக்கு இங்கேதான் இருப்பாள் என்று காவல்காரர் சொன்னாராம். இருளம்மாள் மடியிலிருந்து ஒரு பிடி புது நெற்கதிரை எடுத்து மிக்கேலின் சிலுவைக்குக் கீழே வைத்தாள். ஊர் திரும்பியதும் நடவில் மிச்சமிருந்த கடைசி இரண்டு வயலுக்கு வரப்பில் நின்று ஆள் ஏவினாளாம். கடைசி நாள் பொறுக்காமல் இறங்கி, மூன்று வரிசை தானே நட்டாளாம். அந்த மூன்று வரிசைக் கதிர் இது. கோணல் இல்லையாம்.

ஒச்சாண்டி சிலுவையைப் பார்த்தபடி நின்றான். பிறகு வியாகுலமேரி பக்கம் திரும்பினான்.

"நான் நாத்தங்காலுக்குப் போகலக்கா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியிலதான் மூணு நாளும் கெடந்தேன். ஞாயித்துக்கெழமதான் போயி வண்டி பூட்டுனேன். கொலவ கேட்டுச்சு. ஓடி வரப் பாத்தேன். மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்."

"கேட்டுக்குள்ள எட்டிப் பாத்திருந்தா ஒன் காலத்தான் ஒடிச்சிருப்பேன்" என்றாள் வியாகுலமேரி.

இருளம்மாள் கல்லறையின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் சேலையைக் கவனித்தாள் வியாகுலமேரி. முழங்கால் பக்கம் முழுக்க ஈரச் சேறு. ஒரு முழங்கையிலும் அப்பியிருந்தது. எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டாள். வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு வரப்பு வழியாக வந்ததாக இருளம்மாள் சொன்னாள். நேற்றெல்லாம் மழை.

"வழுக்குமே?"

"வழுக்குச்சு" என்றான் ஒச்சாண்டி. "விழுந்துட்டா. நான் நின்னுக்கிட்டேன். அவளா எந்திரிச்சா."

சொல்லிவிட்டு அவன் சிலுவைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான், அந்த ஆளுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி.

வியாகுலமேரி சேற்றைப் பார்த்தாள். தட்டிவிடக் கை போனது. காய்ந்தால் அவளே தட்டிக்கொள்வாள் என்று விட்டுவிட்டு, அணைந்திருந்த மெழுகுவர்த்தியைத் திரும்பப் பற்றவைத்தாள்.